தராசில் தொடங்கும் இணையக் கடை

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகள் கீழ்பென்னாத்தூரைக் கடந்துதான் போகின்றன. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி இந்தப் பேரூராட்சியைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் பயிர். மல்லாட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நிலக்கடலை. விளைவது இங்கே, காசு பார்ப்பது வேறெங்கோ என்பது இப்படிப்பட்ட ஊர்களின் பழைய குறை. அதனால் செக்கு வைத்திருப்பவர், அரிசி மண்டி நடத்துபவர், மகளிர் குழுவில் பொடி இடிப்பவர் என்று யார் வீட்டில் படித்த பிள்ளை இருந்தாலும் ஒருநாள் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது: ஆன்லைனில் போட்டால் என்ன? போடலாம். எண்ணத்தில் பிழையில்லை, அதற்குப் பிறகுதான் வரிசை குலைகிறது. கடைக்குப் பெயர் தேடுகிறார்கள், லோகோ வரையச் சொல்கிறார்கள், இணையதளம் செய்து தருபவருக்கு முன்பணம் கொடுக்கிறார்கள், இன்ஸ்டாகிராமில் பக்கம் திறக்கிறார்கள். சரக்கை எடை போட்டு, பெட்டியில் கட்டி, பெங்களூருக்கு அனுப்பினால் என்ன செலவாகும் என்ற கேள்வி முதல் ஆர்டர் வந்த அன்றைக்குத்தான் எழுகிறது. இணையக் கடை வெல்வதும் தோற்பதும் அந்தக் கேள்வியில்தான் என்பதும், தளம் கட்டுவது வேலைகளில் கடைசி வேலை என்பதும் இந்தக் கட்டுரையின் கட்சி.

மரச்செக்குக் கடலை எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். தோல் உடைத்த பருப்பு ஏறத்தாழ இரண்டரை கிலோ ஆட்டினால் ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும், மிச்சம் புண்ணாக்கு. பருப்பு விலை, ஆட்டுகூலி, பாட்டில், லேபிள் எல்லாம் சேர்த்து, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, லிட்டருக்கு 300 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை 380. கடையில் நேரில் விற்றால் நல்ல வியாபாரம். இணையத்தில் அந்த 380 ரூபாய்க்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சமையல் எண்ணெய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கியிருப்பதால் 18 ரூபாய் அரசுக்குப் போகும். அட்டைப்பெட்டி, குமிழ்த்தாள், டேப் ஆகியவற்றுக்கு 25. பாட்டிலும் பெட்டியும் சேர்ந்து எடை ஒரு கிலோவைத் தாண்டிவிடுவதால் கூரியர்காரர் அடுத்த அரைக்கிலோப் படியில் கணக்கிட்டு 90 வாங்குகிறார் என்று கொள்வோம். பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம் இரண்டு சதவீதம், ஏறக்குறைய 8. அடக்கவிலையோடு இவற்றைக் கூட்டினால் 441 வருகிறது. ஒரு லிட்டர் விற்க 61 ரூபாய் நட்டம். இன்னும் விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவிடவில்லை. செக்கு வாசலில் உட்கார்ந்து பெட்டி கட்டியவருக்குக் கூலி போடவில்லை. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். கூட்டல் கழித்தலின் போக்கு மாறாது.

சரி, ஐந்து லிட்டர் கேன் மட்டும் விற்கலாம் என்றால்? விலை 1,900. அதில் ஜிஎஸ்டி 90, அடக்கம் 1,500, கனமான பெட்டி 60, ஐந்து கிலோப் பார்சலுக்கு 220, பணக் கட்டணம் 38. கூட்டினால் 1,908. லிட்டருக்கு 61 ரூபாய் என்றிருந்த நட்டம் ஐந்து லிட்டருக்கு 8 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. கூரியர் செலவில் 150 ரூபாயை வாங்குபவர் தலையில் ஏற்ற முடிந்தால், அதற்கான வரியும் கட்டணமும் போக, ஒரு கேனுக்கு 130 ரூபாய் வாக்கில் கையில் நிற்கும். எண்ணெயின் தரத்தையோ தளத்தின் அழகையோ தொடாமல், கட்டு அளவையும் கூரியர் செலவை யார் ஏற்பது என்பதையும் மாற்றியதால் மட்டும் வந்த வேறுபாடு இது. ஒரு லிட்டர் பாட்டிலை இணையத்தில் விற்காதே என்பது இந்தக் கணக்கு சொல்லும் முதல் திட்டம். அதை எழுதி வைக்காமல் தளம் தொடங்குகிறவர், ஆர்டர் பெருகப் பெருக ஏழையாவார்.

எடை என்றால் தராசு காட்டும் எடை மட்டுமல்ல என்பதும் பலருக்குப் பார்சல் திரும்பிவந்த பிறகுதான் தெரிகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் வருவதை ஒரு எடையாகக் கூரியர் நிறுவனங்கள் கொள்கின்றன. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். 30 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி ஒன்றில் அரைக்கிலோப் பொரியை அடைத்தால் அதன் கட்டண எடை 5.4 கிலோ. எனவே சரக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே பெட்டியையும் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் அங்காடியில் கிடைக்கிற பெட்டியை வாங்கி அதற்குள் சரக்கைத் திணிப்பதாக இல்லாமல், சரக்குக்கு அளந்து செய்த பெட்டியாக. எண்ணெய்க்கு இன்னொரு தொல்லை உண்டு. திரவத்தை விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள். தரைவழியில் போனால் நாள் கூடும். மூடி கசிந்தால் தன் பார்சலோடு அடுத்தவர் பார்சலும் பாழ்.

இந்த இடத்தில் ஒரு அளவுகோல் கைக்கு வருகிறது. எந்தச் சரக்கானாலும் அதன் ஒரு கிலோ எத்தனை ரூபாய் என்று பாருங்கள். நல்ல அரிசி கிலோ நூறு ரூபாய் வரும். அதைத் தூக்கிச் செல்ல ஐம்பது ரூபாய் ஆகும். கடலை எண்ணெய் கிலோ நானூறு. முந்நூறு கிராம் எடையுள்ள புத்தகம் 350 ரூபாய் என்றால் கிலோ ஆயிரத்துக்கு மேல். பதினைந்தாயிரம் ரூபாய் ஆரணிப் பட்டுப்புடவை முக்கால் கிலோ இருந்தால் கிலோ இருபதாயிரம். அனுப்பும் செலவு இவை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஜெஃப் பெசோஸ் 1990களின் நடுவில் அமேசானைப் புத்தகத்தில் தொடங்கியதும், ஃபிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தகத்தில் தொடங்கியதும் இலக்கியப் பற்றினால் அல்ல. புத்தகம் உடையாது, கெடாது, ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லை, தலைப்பும் பதிப்பும் தெரிந்தால் வாங்குபவருக்குத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. உடுமலைப்பேட்டை போன்ற ஊரிலிருந்து உடுமலை.காம் தமிழ்ப் புத்தகங்களை விற்று நிலைத்திருப்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. ஊர் சிறியதாயிருப்பது அங்கே குறையே இல்லை. சென்னை வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்பது மிச்சம். அஞ்சல் துறை 2025 மே முதல் நடத்தும் ஞான் போஸ்ட் சேவையில் பாடநூல், பண்பாட்டு, சமய நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும் 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும், வரி தனியாக, அனுப்பலாம். வேறு சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

கனமான, மலிவான சரக்கை இணையத்தில் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பெட்ஸ்.காம் உதாரணம். நாய்த் தீவனத்தை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு அனுப்பியது. அடக்கத்துக்கும் குறைந்த விலையில் விற்றது. 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்து எட்டுக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடியது. விளம்பரத்தில் அதற்கு இணை அன்று யாருமில்லை. தீவன மூட்டையின் எடையை விளம்பரம் குறைக்கவில்லை.

"பெரிய நிறுவனங்கள் எல்லாம் முதலில் நட்டத்தில்தான் நடத்தின, பிறகு சம்பாதித்தன, நாமும் முதலில் விட்டுப் பிடிக்க வேண்டும்" என்பது இதற்கு அடிக்கடி வரும் மறுப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஃபிளிப்கார்ட் ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் ஓடியது உண்மை. 2018இல் வால்மார்ட் அதன் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கியதும் உண்மை. ஆனால் அந்த நட்டத்தைத் தாங்கியது கடையின் கல்லா அல்ல, முதலீட்டாளர்களின் பணம். அப்படிப்பட்ட பணம் வற்றியவர்கள் கதையையும் பார்க்க வேண்டும். 1999இல் பெங்களூரில் கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் தொடங்கிய ஃபேப்மார்ட், இந்தியாவின் முதல் இணையக் கடைகளில் ஒன்று; பின்னாளில் இந்தியாபிளாசா என்று பெயர் மாறியது. இந்தியாவில் இணையமே எட்டாக்கனியாக இருந்த காலத்தில் பத்தாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த அந்த நிறுவனம், தள்ளுபடிப் போட்டி உச்சத்தில் இருந்தபோது புதிய முதலீடு கிடைக்காமல் 2013இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் அதை நடத்தியவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. முதலீடு திரட்டத் தெரிந்தவர்களுக்கே இது நேர்ந்தது என்றால், நகையை அடகு வைத்துச் செக்குப் போட்டவர் தள்ளுபடியில் இறங்குவதை வியாபார உத்தி என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனாலும் அந்த மறுப்பில் ஒரு பாதி சரி. முதல் ஆர்டரில் லாபம் பார்ப்பது எந்த இணையக் கடைக்கும் கடினம். ஒரு புதிய ஆளைக் கொண்டுவர ஃபேஸ்புக்கிலோ கூகுளிலோ 200 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஐந்து லிட்டர் கேனில் நின்ற 130 ரூபாயும் போய், 70 ரூபாய் கடன் நிற்கும். அந்த ஆள் திரும்பி வராவிட்டால் அது வராக்கடன். இரண்டு மாதத்துக்கு ஒரு கேன் என்று அதே குடும்பம் ஆண்டு முழுக்க வாங்கினால், ஆறு கேனுக்கு 780 ரூபாய். விளம்பரச் செலவு போக 580. ஒருமுறை வாங்கிவிட்டு மறைந்த எட்டுப் பேரின் நட்டத்தை ஒரு வாடிக்கைக் குடும்பம் ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே எத்தனை பேர் தளத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பவை பேச்சுக்கு உதவும் எண்கள். இரண்டாம் ஆர்டர் எத்தனை பேரிடமிருந்து வந்தது என்பதே கடை நிற்குமா என்று சொல்லும் எண். இதிலிருந்து சரக்குத் தேர்வுக்கு இன்னொரு விதியும் பிறக்கிறது: தீர்ந்துபோகிற பொருள் நல்லது. எண்ணெய் தீரும், பொடி தீரும், ஜவ்வாது மலைச் சாமையும் தேனும் தீரும். பட்டுப்புடவைக்குக் கிலோ விலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அடுத்த கல்யாணம் வரை காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்குத் திரையில் பார்த்த நிறம் கையில் வந்த நிறமாக இருக்காது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும், பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரையும் இருப்பது தரச் சந்தேகத்தைத் தீர்க்கும், நிறச் சந்தேகத்தைத் தீர்க்காது.

இரண்டாம் ஆர்டரைத் தரக்கூடியவர் யார்? இணையத்தில் அலைகிற கோடிக்கணக்கான முகம் தெரியாதவர்கள் என்று நினைப்பதுதான் பொதுவான மயக்கம். திருவண்ணாமலையிலேயே இதற்கு மறுமொழி உண்டு. ரமணாசிரமம் தன் வெளியீடுகளை இணையத்தில் விற்கிறது. அதற்கு வாசகர்களை இணையம் தேடித் தரவில்லை. ஆசிரமத்துக்கு வந்து போனவர்களும், ரமணரைப் படித்தவர்களும் உலகமெங்கும் ஏற்கெனவே இருந்தார்கள், தளம் அவர்களுக்கு வாங்கும் வழியைத் திறந்தது. எண்ணெய்க்காரருக்கும் இதே நியாயம்தான். கீழ்பென்னாத்தூர் வழியே போகிறவர்கள் இருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து கிரிவலத்துக்கு வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போய்க் குடியேறிய வட்டார மக்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வந்து திரும்பும்போது கேனோடு போகிறவர்கள். ஒருமுறை மோந்து பார்த்து, வாங்கிச் சமைத்து, பிடித்துப்போனவருக்கு விளம்பரச் செலவு பூஜ்யம். நேரில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் மறு ஆர்டருக்கான எண்ணும் கியூஆர் குறியும் இருப்பது, மாதம் பத்தாயிரம் ரூபாய் விளம்பரத்தைவிட மேலான முதலீடு. நேரில் ஒரு லிட்டர், இணையத்தில் ஐந்து லிட்டர் என்று பிரித்துக்கொண்டால் முதல் விற்பனையைச் சாலையும் அடுத்தடுத்த விற்பனையைக் கூரியரும் பார்த்துக்கொள்ளும்.

"அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ எல்லாம் இருக்கும்போது தனிக்கடை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அங்கே கூட்டம் இருக்கிறது, அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, பணம் வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. மீஷோ 2021 முதல் விற்பனையாளரிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று அறிவித்தது. ஆனால் கமிஷன் இல்லாத இடத்திலும் அனுப்பும் கட்டணமும், மேலே தெரிய விளம்பரக் கட்டணமும் உண்டு. அதைவிடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது: அங்கே வாங்குபவர் தளத்தின் வாடிக்கையாளர், உங்கள் வாடிக்கையாளர் அல்லர். எண்ணெய் தீர்ந்ததும் அவர் தேடும்போது பத்துப் பேரின் எண்ணெய் வரிசையாக நிற்கும், விலையில் இரண்டு ரூபாய் குறைத்தவர் முதலில் நிற்பார். இரண்டாம் ஆர்டர்தான் கடையின் உயிர் என்று ஒப்புக்கொண்டால், அந்த உயிரை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். அதற்காக அவற்றை ஒதுக்கவும் வேண்டாம். புதிய ஆட்கள் பார்க்கும் கண்ணாடி அலமாரியாக அவற்றை வைத்துக்கொண்டு, மறுவிற்பனையைத் தன் கணக்கில் வைத்துக்கொள்வதே சிறு வியாபாரிக்குப் பொருந்தும். 2021 டிசம்பர் 31இல் பதிவான ஓஎன்டிசி என்ற அரசு ஆதரவு வலையமைப்பு இந்த ஆதிக்கத்தை உடைக்க வந்தது. 2022 ஏப்ரலில் சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு செயலியில் பதிந்த சரக்கை வேறு செயலிகளிலும் காட்டும் அதன் ஏற்பாடு நல்லதுதான். பார்சலின் எடையை அதுவும் குறைக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: வாட்ஸ்அப் போதுமே, தளமே எதற்கு? உண்மையில் தொடக்கத்துக்குப் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம், சரக்குப் பட்டியல் வைக்கலாம், யுபிஐயில் பணம் வாங்கலாம். யுபிஐ பரிமாற்றத்துக்கு 2020 முதல் வியாபாரியிடம் கட்டணம் இல்லை என்பதால் முன்னே கணக்கில் எழுதிய இரண்டு சதவீதமும் மிச்சம். எப்போது தளம் வேண்டும்? ஒரே ஆள் பதில் சொல்லி முடியாதபோது. "அஞ்சு லிட்டர் எவ்ளோங்க?", "ஓசூருக்கு அனுப்புவீங்களா?", "பணம் போட்டேன், வந்துச்சா?" என்று ஒரே கேள்விக்கு நாளெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், செக்கைப் பார்ப்பது யார்? பின்கோடு போட்டதும் அனுப்பும் செலவைத் தானே சொல்லி, பணம் வாங்கி, முகவரிச் சீட்டு அச்சிட்டு, யாருக்கு எண்ணெய் தீரும் நாள் நெருங்குகிறது என்று நினைவூட்டும் கணக்குப்பிள்ளைதான் தளம். அந்த நிலை வந்த பிறகு சோகோ காமர்ஸ், ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் என்று எதை எடுத்தாலும் வேலை நடக்கும். எது சிறந்தது என்ற விவாதத்தில் பல மாதம் கழிப்பவர்கள் பெரும்பாலும் சரக்கைப் பற்றி யோசிப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள்.

சட்டத்துக்கு வருவோம். இதில் பலர் தடுக்கி விழுவது ஜிஎஸ்டியில். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது பரவலாகத் தெரிந்தது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், சில கைவினைப் பொருள் விலக்குகள் தவிர, அந்த வரம்பு பொருந்தாது, முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாதது. பெங்களூரை விடுங்கள், பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு ஒரு கேன் அனுப்பினாலும் இந்த விதி வந்து நிற்கும். பெரிய தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு 2023 அக்டோபர் முதல் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் அதன் 14 இலக்க எண்ணும் லேபிளில் வேண்டும். நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் முகவரி போன்றவை பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது 2011 எடையளவு விதி. இவற்றில் பெரும்பாலானவை தளத்திலும் தெரிய வேண்டும். 2020 நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இன்னொன்று: "கொலஸ்ட்ராலைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும்" என்று எண்ணெய் பாட்டில் படத்தின் கீழ் எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. நோய் தீர்க்கும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்வதை எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிகள் அனுமதிக்கவில்லை. எழுதுகிறவர்கள் எல்லாரும் மாட்டவில்லையே என்பது வாதமாகாது.

அப்படியானால் படத்தின் கீழ் என்னதான் எழுதுவது? நேரில் வந்தவர் மூக்காலும் விரலாலும் தெரிந்துகொள்வதை எழுத வேண்டும். எந்தத் தேதியில் ஆட்டியது, எந்தப் பட்டத்து மல்லாட்டை, வாங்கியது எங்கே, வண்டல் எத்தனை நாள் படியவிட்டது, அடியில் சிறிது மண்டி நின்றால் அது கெட்டதன் அறிகுறியா இல்லையா, திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம், காறல் அடித்தால் யாரைக் கூப்பிடுவது. ஈரம் போகாத மல்லாட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அதைத் தவிர்க்கப் பருப்பை எப்படிக் காயவைத்துப் பொறுக்கினோம் என்று ஒரு பத்தி எழுதினால், "நூறு சதவீதம் இயற்கை" என்ற முத்திரையைவிட அது நம்பிக்கை தரும். திரும்ப வாங்கும் முடிவைப் படிப்பவர் எடுப்பது இந்த வரிகளில்தான். சரக்கு வந்து சேர்ந்த பிறகு கையில் பணம் தரும் முறையையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஃபிளிப்கார்ட் 2010இல் அதைக் கொண்டுவந்தபோது அட்டையில் பணம் கட்ட மக்கள் அஞ்சினார்கள். அது காலத்தின் தேவை. 2016இல் வந்த யுபிஐயில் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேல் பரிமாற்றங்கள் நடந்தன. இன்றும் கையில் பணம் என்று திறந்துவைத்தால், வீட்டில் ஆளில்லை என்று திரும்பும் ஒவ்வொரு கேனுக்கும் போக 220, வர அதற்குக் குறையாத ஒரு தொகை. எண்ணெய்க் கேனுக்கு அந்த வசதியை மறுப்பதில் தயங்க வேண்டியதில்லை.

நாள்காட்டியும் திட்டத்தில் ஒரு பங்கு. ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை ஐப்பசி வாக்கில் வீட்டுக்கு வரும். பாசனத்தில் மார்கழியில் போட்டது பங்குனி, சித்திரையில். விலை இறங்கும் அந்த நாட்களில் ஆண்டுக்கு வேண்டிய பருப்பை வாங்கி இருப்பு வைக்காதவர், ஆண்டு நடுவில் விலையேற்றத்தைத் தன் லாபத்திலிருந்துதான் கட்டுவார். தளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்த இருப்புக்குப் போக வேண்டியது. கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலையில் பேருந்துகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்துகிறார்கள். அந்த வாரம் பார்சல் எடுக்க வண்டி வருமா என்று முன்பே கேட்டுவைத்து, தளத்திலும் எழுதிவிட வேண்டும். அற்பமாகத் தோன்றும் இன்னொரு விஷயம்: கீழ்பென்னாத்தூரின் பின்கோடு 604601, திருவண்ணாமலை நகரின் பின்கோடு 606601. 1972இல் வந்த இந்த ஏற்பாட்டில் முதல் மூன்று இலக்கம் பிரிக்கும் வட்டாரத்தைச் சொல்வது. ஒரே மாவட்டத்தில் இருந்தும் இரண்டு ஊரும் வேறு வட்டாரம். அனுப்புநர் முகவரியில் ஒரு இலக்கம் பிசகினால் திரும்பி வரும் பார்சல் மலையைச் சுற்றிவிட்டுத்தான் வரும்.

இவ்வளவு கணக்கும் ஒரு பார்சல், ஒரு முகவரி என்ற அடிப்படையில் போட்டது. அந்த அடிப்படையே மாறலாம். பெங்களூரில் ஒரே அடுக்ககத்தில் பத்துக் குடும்பம் ஆளுக்கு ஒரு கேன் கேட்டால், பத்துக் கேனையும் ஒரே உருப்படியாகக் கட்டி லாரிப் பார்சல் சர்வீஸில் ஏற்றலாம்; ஐம்பது கிலோவுக்கு அங்கே கேட்கும் வாடகை, பத்துத் தனிக் கூரியர்களின் 2,200 ரூபாயில் ஒரு பங்குதான் இருக்கும். அடுக்ககத்தில் பொறுப்பெடுத்துக்கொள்பவருக்கு ஒரு கேனைச் சும்மா கொடுத்தாலும் கட்டும். இப்படி மாதத்துக்கு ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்கு முன் ஆர்டர் சேர்த்து, பிறகு ஆட்டினால், எண்ணெய் தேங்குவதும் இல்லை. அரிசி போன்ற கிலோ விலை குறைந்த சரக்குக்கும் இந்த ஒரு வழியில்தான் இணையம் பயன்படும். அப்போது தளத்தில் வேண்டியது பளபளப்பான முகப்புப் பக்கம் அல்ல, ஊர் வாரியாகவும் அடுக்ககம் வாரியாகவும் ஆர்டரைச் சேர்த்துக் காட்டும் ஒரு பட்டியல். அதைச் செய்து தரச் சொல்லித் தளம் கட்டுபவரிடம் கேட்க வேண்டுமானால், அதற்கு முன்னால் தராசு பேசியிருக்க வேண்டும்.